புதுப்பிப்பு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கொலராடோ பல்கலைக்கழக அணியின் 2023 சீசன் முடிந்தது, 4–8 (4 வெற்றி, 8 தோல்வி)

செப்டம்பரில் முதல் மூன்று மேட்சும் ஜெயித்தபோது, "இந்த ஆஃபென்சிவ் லைன் (பந்தை எறிபவருக்கு அரணாக முன்னால் நிற்கும் வரிசை) தாங்குமா?" என்று கேட்டிருந்தேன். தாங்கவில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸை எதிரணிகள் 52 தடவை சாக் செய்துவிட்டார்கள், அதாவது பந்தை எறியும் முன்பே மடக்கி வீழ்த்திவிட்டார்கள். கடைசியில் அவர் முதுகில் அடிபட்டு, யூட்டா அணியுடனான மேட்ச் ஆடவே இல்லை.

ஸ்டான்ஃபோர்டு தோல்விதான் இன்னும் ஜீரணமாகவில்லை. பாதி ஆட்டத்தில் 29–0 முன்னிலை, இரண்டாவது ஓவர்டைமில் 46–43 தோல்வி, அதுவும் சொந்த மைதானத்தில்! கொலராடோவின் டிராவிஸ் ஹன்ட்டரின் ஹெல்மெட்டோடு பந்தை அழுத்திப் பிடித்தாரே ஸ்டான்ஃபோர்டின் அயோமனோர், அந்த கேட்ச் கண்ணிலேயே நிற்கிறது.

2022இல் 1–11 என்று கிடந்த அணி, அதனால் புதுசாக வந்த பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறும் வழி) நட்சத்திரங்களை அள்ளியது போதும். அடுத்து முதலில் அந்த அரண் வரிசைக்கு லைன்மேன்களைப் பிடியுங்கள் சார்.