மூன் கேக்: எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்கு மட்டும்தான் பிடித்தது, அடுத்த முறை எந்த வகை கொண்டுவரச் சொல்லலாம்?

உப்புவெளி_மகள் எழுதியது:

வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். சாப்பாட்டு விஷயம்தான், ஆனால் நாலு நாளாக மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை செய்கிற சித்தப்பாவின் மகன் ஒக்டோபர் 6 போயா, அதாவது பூரணை விடுமுறையோடு சேர்த்து லீவு எடுத்து வந்திருந்தான். கையில் ஒரு சிவப்புத் தகரப் பெட்டி, உள்ளே நான்கு மூன் கேக். சீனர்களின் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள்தான் அவர்களுடைய நிலாப் பண்டிகை, அதுவும் அதே 6ஆம் திகதி. போன வருடம், 2024இலும் செப்டெம்பர் 17 போயாவும் அவர்களுடைய பண்டிகையும் ஒரே நாளில்தான் வந்தனவாம். அதனால் பூரணை நிலா வந்த பிறகு எல்லோரும் சேர்ந்திருந்துதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, பகல் முழுக்கப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

இரவு முன் விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். கத்தியை வைத்ததும் மேல் தோல் மெத்தென்று அமிழ்ந்தது. உள்ளே மண்ணிறத்தில் களி மாதிரி ஒன்று, நடுவில் செம்மஞ்சளாக ஒரு மஞ்சள் கரு, அதைச் சுற்றி எண்ணெய் ஒரு வளையமாகக் கசிந்திருந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அம்மா வாயில் வைத்துவிட்டு "இது பழுதாப் போச்சு பிள்ளை, முட்டை நாறுது" என்று சொல்லிக் கையிலேயே துப்பிவிட்டா. தம்பி கருவை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு மற்றதை வைத்துவிட்டான். எனக்கு இரண்டாவது கடியிலேயே தொண்டையை அடைத்தது, அவ்வளவு இனிப்பு. அப்பா அப்பம்மாவுக்காகப் பறுவ விரதம் பிடிக்கிறவர், முட்டை என்று கேட்டதும் தொடவே இல்லை. அம்மம்மா மட்டும் கரு இல்லாத ஓரத்தை எடுத்து, நம்ம பயத்தம் பணியாரத்தை நெய் விட்டுக் குழைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டா.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அந்த முகம்தான் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவு தூரம் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன். அது உண்மையிலேயே பழுதா? இல்லையென்றால் இதைச் சாப்பிட ஒரு முறை இருக்கிறதா? முட்டை இல்லாத வகை உண்டா? இன்னும் இரண்டு முழுதாக மிச்சம் இருக்கிறது, அவன் 18ஆம் திகதி போகிறான், அதற்குள் ஒரு தரமாவது எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம் என்று அவனுக்குக் காட்ட வேண்டும்.

ஈசூன்_அக்கா எழுதியது:

தங்கச்சி, பழுது இல்லை, பயப்படாதீர்கள். நான் பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊர் கந்தளாய். அம்மா நாற்றம் என்று சொன்னது உப்பில் ஊறிய தாரா முட்டையின் மணம். தாரா முட்டையை ஓடு உடைக்காமல் உப்புத் தண்ணீரிலோ உப்பும் சாம்பலும் குழைத்த மண்ணிலோ ஏறக்குறைய ஒரு மாதம் வைப்பார்கள். உப்பு உள்ளே போகப் போகக் கருவில் இருக்கிற தண்ணீர் வெளியே வந்துவிடும், கரு இறுகிக் கட்டியாகும், சூட்டில் வேகும்போது சிவந்த எண்ணெய் விடும். நீங்கள் பார்த்த அந்த எண்ணெய் வளையம் நல்ல கருவுக்கு அடையாளம், இங்கே அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்தக் கருதான் அவர்களுக்கு நிலா. ஒன்றுக்குள் இரண்டு கரு வைத்ததற்கு விலை கூட.

அந்தக் களி வேறொன்றும் இல்லை, தாமரை விதை. நாங்கள் சின்ன வயதில் குளத்தில் இறங்கித் தாமரைக் காய் பிடுங்கித் தின்போம், உள்ளே ஒரு பச்சைக் குருத்து இருக்கும், அதைக் கிள்ளி எறியாவிட்டால் கசக்கும். இவர்களும் அதே குருத்தை எடுத்துவிட்டுத்தான் விதையை அவித்து அரைத்து, சீனியும் எண்ணெயும் விட்டு, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்டுகிறார்கள். தொதல் கிண்டுகிற கைக்கு இது விளங்கும். அம்மம்மாவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இப்போது சாப்பிடுகிற முறை. நீங்கள் நாலாக வெட்டி ஆளுக்கு ஒரு கால் துண்டு கொடுத்திருப்பீர்கள், அங்கேதான் பிழைத்தது. ஒரு மூன் கேக் ஏறக்குறைய 180 கிராம் இருக்கும், கரு வைத்ததென்றால் ஒன்றே 800 கலோரியைத் தாண்டுவது சாதாரணம். எட்டாக வெட்டுங்கள், ஆளுக்கு ஒன்று போதும். பக்கத்தில் சீனி போடாத சாயம், அதாவது வெறும் தேத்தண்ணி, நல்ல கடுப்பாக, சுடச்சுட. பால் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். ஒரு சின்னக் கடி, அதிலேயே கருவும் களியும் சேர்ந்து வர வேண்டும், பிறகு ஒரு மிடறு சாயம். தம்பி கருவைத் தனியாகத் தோண்டினால் வெறும் உப்பு, நீங்கள் களியைத் தனியாகத் தின்றால் வெறும் இனிப்பு, இரண்டும் ஒன்றாக வாய்க்குள் போகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சீனர்கள் எல்லோருக்கும் எல்லா மூன் கேக்கும் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சாப்பிட்டது தென் சீனாவின் கன்டன் முறை. சுஜோ பக்கம் அடுக்கடுக்காக உதிரும் தோலுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுடச்சுடத் தின்பார்கள். யுன்னானில் ஹாம் வைத்ததும் உண்டு, ரோசாப்பூ இதழ் வைத்ததும் உண்டு. தியோச்சூ ஆட்கள் செய்வது சுருள் சுருளான தோல், உள்ளே சேப்பங்கிழங்குக் களி. அப்புறம் ஐந்து பருப்பு என்று ஒரு வகை, பாதாம், வால்நட், எள்ளு, பூசணி விதை மாதிரி எல்லாம் போட்டு இறுக்கிப் பிடித்தது, அதைக் கண்டாலே வேண்டாம் என்கிற சீனப் பிள்ளைகளும், அது இல்லாமல் பண்டிகையே இல்லை என்கிற அவர்களுடைய தாத்தாமாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என் வேலைத்தலத்தில் வருடா வருடம் இந்தத் தர்க்கம் நடக்கும். உங்கள் விறாந்தையில் நடந்தது அவர்கள் வீட்டிலும் நடக்கிறதுதான், அதைக் கொண்டுவந்த தம்பியிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கு, கரு இல்லாத வெள்ளைத் தாமரை, சீனி குறைத்தது என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஹொங்கொங்கில் தொடங்கிய பனித்தோல் வகை, சுடாமல் ஒட்டரிசி மாவில் செய்வது, நம்ம ஆட்களுக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது குளிரிலேயே இருக்க வேண்டும், கொழும்பில் இறங்கித் திருகோணமலைக்கு வந்து சேர முன் கெட்டுவிடும்.

நிலாவெளி_67 எழுதியது:

எல்லோரும் பிடிக்க வைக்கத்தான் பார்க்கிறீர்கள், நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். ஹோட்டல் வேலையில் இருந்த காலத்தில் சீன விருந்தாளிகள் தந்து பல முறை சாப்பிட்டேன், சாயத்தோடும் சாப்பிட்டேன், எட்டாக வெட்டியும் சாப்பிட்டேன், எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்தக் களியில் கடிக்க ஒன்றும் இல்லை, நமக்குப் பலகாரம் என்றால் பல்லுக்கு வேலை இருக்க வேண்டும். இது பல பேருக்குச் சாப்பிடுவதைவிடக் கொடுப்பதற்கான சாமான், சீனாவில் அந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லை மீறிப் போய் 2013இல் அரச பணத்தில் மூன் கேக் வாங்கிப் பரிசு கொடுப்பதைத் தடையே செய்தார்கள். பிள்ளை, உங்கள் அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லைதான். அந்தத் தம்பியிடம் நேராகச் சொல்லிவிட்டு, அவன் வந்து பக்கத்தில் இருந்ததே பெரிய சந்தோஷம் என்றும் சொல்லுங்கள். பிடித்த மாதிரிச் சாப்பிட்டுக் காட்டினால் அவன் வருடா வருடம் நான்கு பெட்டி சுமந்து வருவான்.

கிண்ணியா_பேக்கரி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முதலில் இதை எல்லோரும் கவனிக்க வேண்டும்: பழைய கன்டன் முறையில் தோலுக்கும் களிக்கும் பன்றிக் கொழுப்புப் போடுவார்கள், உதிரும் தோல் வகைகளில் அது இன்னும் அதிகம். இப்போது கச்சான் எண்ணெய் அல்லது வேறு மரக்கறி எண்ணெயில் செய்ததும் தாராளமாகக் கிடைக்கிறது, சிங்கப்பூரில் முயிஸ் ஹலால் முத்திரை, மலேசியாவில் ஜாக்கிம் முத்திரை பார்த்து வாங்கலாம். யாருக்காவது கொடுக்க முன் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள். விரதம் பிடிக்கிற வாப்பாமாருக்கும் இது பொருந்தும், கரு இல்லாவிட்டாலும் மேலே மினுங்குவதற்கு முட்டைதான் பூசுகிறார்கள். தங்கச்சி, உங்கள் அப்பாவுக்குக் கடையில் வாங்கினால் சந்தேகம்தான், வீட்டில் செய்யுங்கள்.

நான் ஐந்தாறு தரம் செய்து பார்த்துக் கை திருந்திய அளவைச் சொல்கிறேன். முதல் வேலை பாகு. 400 கிராம் சீனி, 200 மில்லி தண்ணீர், 50 மில்லி தேசிக்காய்ப் புளி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம், கிளறவே கூடாது, கிளறினால் கற்கண்டாகிவிடும். தேன் நிறம் வந்ததும் இறக்கிப் போத்தலில் ஊற்றி இரண்டு கிழமையாவது வையுங்கள். அப்புறம் 100 கிராம் கோதுமை மா, 70 கிராம் பாகு, 25 கிராம் எண்ணெய். இதில் காரத் தண்ணீர் கொஞ்சம் சேர வேண்டும், அதுதான் பாகின் புளிப்பை எடுத்துத் தோலுக்கு நிறம் தருவது. இங்கே கிடைக்காது, அதனால் அப்பச் சோடாவைத் தட்டில் பரப்பி அவணில் ஒரு மணி நேரம் சூடாக்கி எடுத்து, அதில் ஒரு சிட்டிகையை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துப் போடுகிறேன். சூடாக்கிய சோடா கடுமையானது, வெறுங்கையால் அள்ள வேண்டாம். மாவை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்.

உள்ளுக்குத் தாமரை விதை தேடி அலைய வேண்டாம். பயறு வைத்த மூன் கேக் வியட்நாமில் வழமையானதுதான். ஆனால் கொழுக்கட்டைக்கு வறுக்கிற மாதிரி வறுத்துவிடாதீர்கள், அது வேறு சுவை. தோல் நீக்கிய பயறு 200 கிராமை நாலு மணி நேரம் ஊறவைத்து, ஆவியில் நன்றாக மசிய அவித்து, அரித்து, 100 கிராம் சீனியும் 70 கிராம் எண்ணெயும் விட்டுத் திரளும்வரை கிண்டுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். 15 கிராம் தோலுக்கு 35 கிராம் உள்ளீடு. தோல் மெல்லியதாகத்தான் வரும், உள்ளங்கையில் உருண்டையைச் சுற்றி மெதுவாகத் தள்ளித் தள்ளி மூட வேண்டும், அவசரப்பட்டால் கிழியும். மர அச்சு இல்லாவிட்டால் பெரிய மோதக அச்சு போதும், மாத் தடவிவிட்டு அமத்துங்கள்.

180 பாகையில் பத்து நிமிடம், வெளியே எடுத்து ஆறவிட்டு மேலே பால் பூசி, திரும்பவும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெளியே வரும்போது தோல் பிஸ்கட் மாதிரிக் கெட்டியாக இருக்கும், உடனே கடித்துப் பார்த்துவிட்டுப் பிழைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மூடிய தகரத்தில் இரண்டு நாள் வையுங்கள், உள்ளே இருக்கிற எண்ணெய் வெளியே ஊறித் தோல் தானாக இளகி மினுங்கும். அந்த இரண்டு நாள்தான் இதில் எல்லாமே.

நிலாவெளி நானா பல்லுக்கு வேலை கேட்டதால் சொல்கிறேன், களியோடு வறுத்த கச்சானும் எள்ளும் கலந்து பாருங்கள்.

உப்புவெளி_மகள் எழுதியது:

நேற்று, நவம்பர் 5 போயா, அதனால் வந்து எழுதுகிறேன். சிங்கப்பூர் அண்ணா போகிற அன்றைக்கு முதல் நாள் மிச்சம் இருந்ததில் ஒன்றை அக்கா சொன்னபடி எட்டாக வெட்டினோம், அம்மம்மா அடுப்பில் சாயம் கொதிக்க வைத்தா. அம்மா திரும்பவும் வாயில் வைத்தா, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "உப்புக் கருவாட்டுக்குப் பழகின நாக்குத்தானே, இதுவும் பழகும்" என்று சொன்னா. பிடித்தது என்று சொல்லவில்லை, ஆனால் முழுத் துண்டும் போனது. நிலாவெளி அண்ணன் சொன்னபடி அவனிடம் நேராகவும் பேசினேன், அவனுக்கும் முதல் வருடம் பிடிக்கவில்லையாம், அறையில் கூட இருக்கிற சீனப் பையன் பண்டிகைக்குத் தன் தாயை நினைத்துக்கொண்டு தனியே வெட்டிச் சாப்பிட்டதைப் பார்த்து, பக்கத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினவனாம். அதைக் கேட்ட பிறகு அம்மா கடைசி ஒன்றை அவனுக்கே கட்டிக் கொடுத்துவிட்டா.

பயறு வைத்து நேற்றைக்கு அப்பாவின் விரதத்துக்குச் செய்தேன். பன்னிரண்டில் மூன்று வெடித்துவிட்டன, அச்சிலிருந்து எடுக்கும்போது மா கொஞ்சம் கூடத் தடவிவிட்டேன் போல. ஆனால் நானா சொன்ன மாதிரியே இரண்டாம் நாள் தோல் மினுங்கியது, தகரத்தைத் திறந்ததும் அம்மம்மா கன்னத்தில் தொடுகிற மாதிரி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தா. முகில் மூடி நிலாவே தெரியவில்லை. அப்பா விரதச் சாப்பாடு முடிந்து ஒன்றை எடுத்தார், பிறகு இன்னொன்றை எடுத்துப் பாதியாக வெட்டினார், பிறகு மற்றப் பாதியையும் எடுத்தார்.

கிண்ணியா நானா, ஒரு கேள்வி. பாகு அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு காலம் வைக்கலாம்?

கிண்ணியா_பேக்கரி எழுதியது:

மூடி இறுக்கமாக இருந்தால் அடுத்த புரட்டாதி வரைக்கும் இருக்கும் தங்கச்சி, நிறம் கறுக்கக் கறுக்கத்தான் நல்லது. ஈரக் கரண்டி மட்டும் போட்டுவிடாதீர்கள். வெடித்தது அச்சில் மாக் கூடினதால் இல்லை, களியில் ஈரம் இருந்திருக்கும், இன்னும் பத்து நிமிடம் கிண்டுங்கள்.