உதிரிப் பழமும் பதினொரு புதன்கிழமைகளும்: வடிவமைப்பு வகுப்பு அனுபவப் பகிர்வு

ஆசிரியை, தெலுக் இந்தான் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கும் ஊத்தான் மெலிந்தாங்கிற்கும் இடையே, சுற்றிலும் செம்பனையே (எண்ணெய்ப் பனையே) நிற்கும் ஒரு தோட்டப் பட்டணத்தின் இடைநிலைப்பள்ளியில், படிவம் நான்கு (பதினாறு வயது) மாணவர்களுக்கு ரேக்கா சிப்தா, அதாவது புத்தாக்க வடிவமைப்புப் பாடம் கற்பிக்கிறேன். புதன்கிழமைகளில் கடைசி இரண்டு பாட வேளைகள் எங்களுக்கு உரியவை. இந்த ஆண்டு ஒரே ஒரு கருவிக்காக 11 வாரங்கள் உழைத்தோம். அவ்வாரங்களில் நடந்தவை மறந்து போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இதைத் தொடங்குகிறேன். இத்தகைய வகுப்புகளில் படித்தவர்களும், பள்ளிப் பட்டறைகளில் பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களும் தங்கள் அனுபவங்களைச் சேர்த்து எழுதினால் மகிழ்வேன்.

முதல் வாரத்தில், தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னேன். வெள்ளம், போக்குவரத்து நெரிசல், நெகிழிக் கழிவு என்று பாடநூலில் கண்டவற்றையே பெரும்பாலோர் எழுதினர். ஒரு மாணவி மட்டும் ‘அம்மாவின் முதுகு’ என்று இரண்டே சொற்களை எழுதியிருந்தாள். அவளுடைய தாயார் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். அடிமரத்தைச் சுற்றிப் பழங்கள் உதிர்ந்து கிடப்பதே குலை பழுத்துவிட்டதற்கு அடையாளம். குலையை வெட்டித் தள்ளும்போது மேலும் பல சிதறும். அவற்றைக் குனிந்து கையால் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பதுதான் அந்த அம்மாவின் அன்றாட வேலை. வகுப்பில் இருந்த 14 பேரில் பாதிப் பேருக்கு இந்த வேலையை வீட்டிலோ அண்டை வீட்டிலோ தெரியும். ஆனாலும் அதைப் பாடத்திற்குரிய ஒரு சிக்கலாக அதுவரை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

இரண்டாம் வாரம் நான் ஒரு தவறு செய்தேன். பயனரைச் சந்திக்கும் முன்பே ஓவியம் வரைய விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அந்தத் தாயாரின் வீட்டு வாசலில் நாங்கள் போய் அமர்ந்தபோது, மாணவர்களின் கையில் மோட்டார் பொருத்திய, நான்கு சக்கரம் கொண்ட, உறிஞ்சு குழாயுடன் கூடிய ஓர் இயந்திரத்தின் படம் இருந்தது. அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதத் தூக்கிக்கிட்டு நான் எப்படிப் பாரிட்டத் தாண்டுறது?” என்று கேட்டார். எங்கள் பகுதியின் தாழ்வான கடலோர மண்ணில் வடிகால் இல்லாமல் செம்பனை நிற்காது. வரிசைகளுக்கிடையே பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால், ஓடும். அதைக் கடக்க ஒற்றைப் பலகை போட்டிருப்பார்கள். ஒரு கையில் சாக்கு, மறு கையில் கருவி, காலடியில் ஈரப் பலகை. இந்தக் காட்சி எந்த மாணவரின் படத்திலும் இல்லை.

அன்று அவர் சொன்னவற்றிலிருந்தே மூன்றாம் வாரத்தில் நிபந்தனைகளை எழுதினோம். கருவி 3 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, ஒரு கையால் தூக்க முடிய வேண்டும், மோட்டார் வேண்டாம், உடைந்தால் லயத்திலேயே (தொழிலாளர் குடியிருப்பிலேயே) சரிசெய்யக் கூடியதாக இருக்க வேண்டும், பொருட்செலவு 60 ரிங்கிட்டுக்குள் அடங்க வேண்டும். பாடம் மலாய் மொழியில் நடப்பதால் ‘கிரித்தேரியா’ (தேவைகள்), ‘கெக்காங்கான்’ (கட்டுப்பாடுகள்) என்ற சொற்களைத்தான் அவர்கள் அறிந்திருந்தனர். அவற்றை அந்த அம்மாவுக்கு விளக்க வேண்டிய நிலை வந்தபோது, ஒரு மாணவன் ‘என்ன வேணும்’, ‘எது முடியாது’ என்று இரண்டு தலைப்புகளாக மாற்றிக்கொண்டான். அதன் பின்னர் மலாய், சீன மாணவர்களும் அந்த இரண்டு தமிழ்த் தொடர்களையே வகுப்பில் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

நான்காம் வாரத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். இரண்டு யோசனைகள் எஞ்சியிருந்தன. ஒன்று, சிறு சக்கர வண்டியில் பொருத்திய சீப்பு போன்ற அள்ளி. மற்றொன்று, நீண்ட பிடியின் நுனியில் உருளும் கம்பிக் கூண்டு. எடை, செலவு, வேகம், பழம் நசுங்காமை, பாரிட்டைக் கடத்தல் என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை முக்கியத்துவம் கொடுத்து, மதிப்பெண்ணைப் பெருக்கிக் கூட்டி ஒப்பிட வேண்டும். கூட்டிப் பார்த்ததில் கூண்டு வென்றது. மறுபடி அட்டவணையைப் பார்த்தபோது வண்டி வென்றிருந்தது. வண்டியை வரைந்த மாணவன், வேகத்திற்குரிய முக்கியத்துவத்தை 2-இலிருந்து 5-ஆக மாற்றியிருந்தான். மற்றவர்கள் கொதித்தெழுந்தனர். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் திருத்துவது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் அவனைக் கண்டிக்கும் முன் காரணத்தைக் கேட்டேன். “பழம் பொறுக்கினா கிலோ கணக்குலதான் சம்பளம் டீச்சர். வேகத்துக்கு ரெண்டுன்னு யார் போட்டது?” என்றான். அவனுடைய பாட்டி அந்த வேலையைச் செய்தவர். அவன் செய்த முறை தவறு. கேட்ட கேள்வி சரியானது. தீர்ப்பை நாங்கள் சொல்லாமல் அடுத்த சனிக்கிழமை அந்தத் தாயாரிடமே கேட்டோம். “முதுகு இருந்தாத்தானே தம்பி கிலோ” என்றார் அவர். வேகத்திற்கு 3 என்று எழுதினோம். அன்றிலிருந்து, வரைபடம் தொடங்கும் முன்பே முக்கியத்துவ எண்களை எழுதி அனைவரும் கையொப்பமிடும் வழக்கத்தை ஏற்படுத்திவிட்டேன். அந்த மாணவனுக்கு வண்டியையும் ஒரு முன்மாதிரியாகச் செய்து பார்க்க அனுமதி கொடுத்தேன்.

ஐந்தாம் வாரத்தில் மனம் தளர்ந்தது. ஏற்கெனவே உள்ள கண்டுபிடிப்புகளைத் தேடியதில், கொட்டைகளையும் செம்பனை உதிரிப் பழங்களையும் பொறுக்கும் உருளும் கம்பிக் கூண்டுகள் விற்பனையிலேயே இருப்பது தெரியவந்தது. இரண்டு மாணவிகள் அழுதேவிட்டனர். மலேசியாவில் காப்புரிமை என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரியது என்பதையும், அதற்கு ஈடாகக் கண்டுபிடிப்பாளர் தம் கருவியின் செயல்முறையை உலகறிய வெளியிடுகிறார் என்பதையும் அன்று விளக்கினேன். கூண்டு எங்கள் கண்டுபிடிப்பு அன்று என்று அறிக்கையின் முதற்பக்கத்திலேயே எழுதினோம். ஆனால் நாங்கள் பார்த்த படங்களில், நிறைந்த கூண்டைக் காலி செய்ய மறுபடி குனிய வேண்டியிருந்தது. அந்த ஒன்றை எங்கள் வேலையாக எடுத்துக்கொண்டோம்.

ஆறாம், ஏழாம் வாரங்கள் விளையாட்டுப் போட்டிகளாலும் மழையாலும் பாதி கரைந்தன. மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கம்பிகளை வளைத்துக் கூண்டு செய்தார்கள். பழங்களை வெர்னியர் அளவியால் அளந்து, அவற்றின் தடிமனைவிடச் சற்றுக் குறைவாகக் கம்பிகளின் இடைவெளியை வைத்தார்கள். அழுத்தும்போது கம்பி விலகிப் பழம் உள்ளே போகும். பிறகு கம்பி பழைய நிலைக்குத் திரும்புவதால் பழம் வெளியே வராது. முனைகளைச் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். நண்பகலில் என் காரின் பின்புறத்தில் வைத்திருந்ததால் பசை இளகி, மாலையில் கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

எட்டாம் வாரம் தோட்டத்து ஓரத்தில் சோதனை நடத்தினோம். முந்தைய இரவு மழை பெய்திருந்தது. வண்டியின் சக்கரங்கள் பத்தடி கூடப் போகவில்லை. அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டன. அதைச் செய்த மாணவன் ஒன்றும் பேசாமல் முட்டிபோட்டு, சக்கரம் பதிந்த ஆழத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். இந்த ஆண்டில் நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த மாணவச் செயல் அதுதான் என்று கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற பொருத்துநர், செம்பனை எண்ணெய் ஆலை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தாங்கள் குறிப்பிடும் ஏழாம் வாரத்தில் தங்கள் பட்டறைக்கு வந்தவன் நான்தான் என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

நான் படித்த காலத்தில் இப்பாடம் இல்லை. பின்னர் என் பிள்ளைகள் கீழ்ப் படிவங்களில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்வியல் திறன்) படித்தார்கள். 2017 முதல் அதன் இடத்தில் ரேக்கா பெந்தோக் டான் தெக்னோலோகி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) வந்திருக்கிறது. மரத்தை அறுத்து அடுக்குவதோடு நின்றுவிடாமல், ஏன் செய்கிறோம் என்ற கேள்வியிலிருந்து பிள்ளைகள் தொடங்குவதைக் காண எனக்கு மனநிறைவாக இருந்தது.

பசை இளகிய கூண்டை என்னிடம் காட்டியபோது, முனைகளைத் துளையிட்ட தகட்டில் கொக்கியாக மடித்துக் கட்டுக் கம்பியால் இறுக்கச் சொன்னேன். லயத்தில் ஒரு குறடு இருந்தால் போதும், மீண்டும் கட்டிவிடலாம். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொன்னேன். உதிரிப் பழம் நன்கு பழுத்தது. எண்ணெய்ச் சத்து மிகுந்தது. அது நசுங்கினால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் விரைந்து ஏறித் தரம் குறைந்துவிடும். மண்ணும் மணலும் கலந்து வந்தால் ஆலையில் பிழியும் திருகுகள் தேய்ந்து போகும். ஆகவே கம்பி கூர்மையாக இருக்கக் கூடாது, குப்பையும் உள்ளே தங்கக் கூடாது. கம்பியின் இடைவெளியில் மண் தானாக உதிர்ந்துவிடுவதை அவர்கள் எனக்குக் காட்டினார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

வண்டி செய்த பையனோடும் ஒரு மணி நேரம் இருந்தேன். அவன் சுமைப் பெட்டியை அச்சிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தான். கைப்பிடி 125 சென்டிமீட்டரில் இருந்தது. 50 கிலோ ஏற்றினால் கையில் 20 கிலோ தாங்க வேண்டும். பெட்டியை 30 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் 12 கிலோ போதும். கணக்கை அவனே தாளில் போட்டான். நான் பட்டறையில் பல ஆண்டுகள் கையாலேயே அறிந்திருந்த ஒன்றை, அவன் ஒரு வரியில் எழுதிக் காட்டினான்.

முன்னாள் மாணவி, தற்போது பொலித்தெக்னிக்கில் பயில்பவர்

சேற்றில் இறங்கிய சக்கரத்தைப் பற்றிப் படித்ததும் என் படிவம் ஐந்து வகுப்பு நினைவுக்கு வந்தது. நாங்கள் லூக்கிசான் கெஜுருத்தேராஆன் (பொறியியல் வரைபடம்) படித்தோம். ஓராண்டு முழுவதும் வரைபலகை, டி-சட்டம், 30 பாகைச் சாய்வில் சமவளவுத் தோற்றம் என்றே கழியும் என்று எண்ணியிருந்தேன். ஒரு வாரம் எங்கள் ஆசிரியர் எங்களைத் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்திற்கு அழைத்துச் சென்றார். 1885-இல் கட்டப்பட்ட கோபுரம் அது. வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே இளகிய மண்.

நூலில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டி, கை நீட்டித் தொங்கவிட்டு, அந்த நூலையும் கோபுரத்தின் விளிம்பையும் ஒரே படத்தில் பிடிக்கச் சொன்னார். வகுப்பில் அந்தப் படத்தின்மேல் கோணமானியை வைத்துச் சாய்வை அளந்தோம். ஆளுக்கொரு கோணம் வந்தது. கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலும் நூலுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட கோணம் மாறாதே, பிறகு ஏன் வேறுபடுகிறது என்று அந்த வாரம் முழுவதும் விவாதித்தோம். நின்ற இடம் வேறுபட்டதால் சாய்வின் வேறு வேறு பக்கங்களைப் பார்த்திருக்கிறோம் என்று கடைசியில் புரிந்தது. முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் ஏன் இரண்டுமே தேவை என்பதை, அதுவரை எத்தனை தாள்களில் வரைந்தும் நான் உண்மையில் அறிந்திருக்கவில்லை.

வண்டி செய்த தம்பிக்கு ஒரு சொல். எடையைக் குறைப்பது ஒரு வழி. தரையைத் தொடும் பரப்பைக் கூட்டுவது மற்றொரு வழி. அதே எடையை இரண்டு மடங்கு அகலமான சக்கரத்தில் ஏற்றினால் மண்ணின்மீது விழும் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். அளந்து வைத்த ஆழத்தை அழித்துவிட வேண்டாம். அகலச் சக்கரத்தோடு ஒப்பிட அதுதான் தேவைப்படும்.

படிவம் நான்கு மாணவி

‘அம்மாவின் முதுகு’ என்று எழுதியது நான். டீச்சர் எட்டாம் வாரத்தோடு நிறுத்திவிட்டதால் மீதியை நான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வாரம் கூண்டை அம்மாவிடம் கொடுத்தோம். பிடியின் நீளத்தை எங்கள் வகுப்பிலேயே உயரமான ஒரு மாணவனுக்கு ஏற்றபடி வைத்திருந்தோம். அம்மா பிடித்தபோது கை தோளுக்கு மேல் போனது. அதனால் ஒன்றினுள் ஒன்று நுழையும் இரண்டு பிவிசி குழாய்களை வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளையிட்டு, ஆணியால் நிறுத்தும்படி மாற்றினோம். காலி செய்வதற்கு, சாக்கின் வாயில் ஒரு வளையத்தைக் கட்டி, அதன் குறுக்கே இரண்டு கம்பிகளை நிறுத்தினோம். கூண்டை அதன்மேல் அழுத்தினால் கூண்டின் கம்பிகள் விலகிப் பழம் சாக்கில் விழும், குனிய வேண்டியதில்லை. பத்தாம் வாரம் இரண்டு பழம் சிக்கிக்கொண்டது. பதினோராம் வாரம் சிக்கவில்லை. எடை 1.8 கிலோ வந்தது.

அம்மா அதைத் தினமும் கொண்டு போகிறார். மரத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தரையில் நன்றாக உருள்கிறது. மட்டைகளுக்கு இடையே விழுந்த பழத்தை இன்னும் கையால்தான் எடுக்கிறார். அங்கே கூண்டு நுழையாது. பலகையைத் தாண்டும்போது பிடியைச் சுருக்கிச் சாக்கோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அப்படிப் போடுவதற்கு ஒரு வார் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வரும் புதன்கிழமை பழைய பள்ளிப் பையின் வாரை வெட்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.