1854இல் ஏது தேயிலைக் கூடை?

ஏட்டுப்புழு:
போன வாரம் இங்கே ஒருவர், இலங்கை மலையகத்துக்குப் பிழைக்கப் போன நம் பெண்களின் வாழ்க்கையை அச்சு அசலாகச் சொன்ன நாவல் என்று ஒரு புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருந்தார். நம்பி வாங்கினேன். மூன்றாம் அத்தியாயத்தின் தலையிலேயே 1854 என்று போட்டிருக்கிறது. கதாநாயகி மன்னாரில் கரையேறுகிறாள், காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடக்கிறாள், வழியில் வாந்திபேதியில் தங்கையைப் பறிகொடுக்கிறாள். அதுவரை சரி. பக்கத்தைத் திருப்பினால் முதுகில் கூடையோடு நின்று தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறாள்! தோட்டத் துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867இல்தான் ஐயா. அதற்குப் பதின்மூன்று வருடம் முன்னாடி இவள் எதைக் கிள்ளினாள்?

மலைமகள்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நானூறு பக்கத்தில் ஒரு பெண் தாய்வீட்டை விட்டு, கடனில் அகப்பட்டு, லயம் என்ற தோட்டத்து வரிசைவீட்டில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையையும் மண்ணில் வைக்கிறாள். உங்கள் கண்ணில் பட்டது கூடை மட்டும்தானா?

ஏட்டுப்புழு:
கூடை மட்டும் இல்லை. கூடைக்குள் இருந்த கொழுந்து. 1867.

கதைசொல்லி:
நாவல் என்பது கெஸட் இல்லை நண்பரே. வருடம் முன்னே பின்னே இருந்தால் என்ன, அவள் பட்ட பாடு உண்மைதானே? வெள்ளைக்காரன் நூறு ஆணுக்கு நாற்பது பெண் கட்டாயம் என்று சட்டம் போட்டு ஆள் பிடித்தான். எண்ணிக்கையை நிரப்பத்தான் பெண்களை ஏமாற்றி ஏற்றினார்கள். அதைச் சொல்லும் நாவலில் போய் கூடையைத் தேடுகிறீர்களே.

ஏட்டுப்புழு:
அடடா, இது அதைவிட மோசம். நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பீஜிக்கும் போன ஒப்பந்தக் கூலிக் கப்பல்களுக்கு. இலங்கைக்குப் போனது கங்காணி முறை. கங்காணி தன் ஊரிலேயே, தன் சாதி சனத்திலேயே ஆள்கட்டி, முன்பணம் என்ற பெயரில் கடனைத் தலையில் ஏற்றிக் கூட்டிப் போவான். அந்தக் கடனை எழுதின ‘துண்டு’ கையில் இருக்கிறவரை வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. துண்டு முறையை ஒழித்ததே 1921இல். நாலு கடலையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கிண்டாதீர்கள்.

வருடம் ஏன் முக்கியம் என்று கேட்டீர்கள். 1854இல் அங்கே இருந்தது கோப்பி. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்கள்தான் ஆள் கூட்டம் தேவை. பெரும்பாலும் ஆண்கள் வருவார்கள், பறிப்பார்கள், ஊர் திரும்புவார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும், விடாமல் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்த கூலிக்குப் பறிக்கிற பெண்கள் நிரந்தரமாகத் தேவைப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக ஆள்கட்டியது அதனால்தான். பெண் ஏன் அங்கே போனாள் என்ற கேள்விக்குப் பதிலே அந்தச் செடியில் இருக்கிறது. செடியை மாற்றி நட்டால் கதையே மாறிப்போகும்.

மலைமகள்:
அப்போ கோப்பிக் காலத்தில் பெண்களே வரவில்லை என்கிறீர்களா? குறைவாக வந்தார்கள் என்பதற்காக அவர்களை அழித்துவிடலாமா? அந்தக் காட்டு வழியில் செத்தவர்களில் பெண்களும் உண்டு, கைக்குழந்தையும் உண்டு.

ஏட்டுப்புழு:
வரவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? வந்தார்கள், குறைவாக. கோப்பிப் பழம் பறித்தார்கள். கொழுந்து கிள்ளவில்லை.

சும்மாவந்தவன்:
அதென்ன கோப்பி கோப்பி என்று? காபி என்று எழுத வராதா?

மலைமகள்:
எங்கள் ஊரில் கோப்பிதான் அண்ணே. இந்த ஒரு விஷயத்தில் புழுவின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

சும்மாவந்தவன்:
எழுத்துத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது.

மலைமகள்:
காபி மட்டும் என்ன சங்க இலக்கியத்திலா இருக்கிறது?

கதைசொல்லி:
புழு அவர்களே, 1839லேயே பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குத் தேயிலை விதை வந்துவிட்டது. தெரியுமா? எடுத்துக்கொள்ளுங்கள், நாவலாசிரியர் தப்பே செய்யவில்லை.

ஏட்டுப்புழு:
நன்றாகத் தெரியும். பூங்காவில் வளர்த்த செடிகளைக் கிள்ள நூறு பெண்கள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்து வரிசையில் நின்றார்களா? நாவலில் நிற்கிறார்கள். அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’ போட்டுக் கூலியைப் பாதியாக்குகிறான் கணக்கப்பிள்ளை. பூங்காவில் ஏது கணக்கப்பிள்ளை?

கதைசொல்லி:
நீங்கள் வாழ்க்கையில் ஒரு சிறுகதையாவது எழுதியிருக்கிறீர்களா?

ஏட்டுப்புழு:
இல்லை. அதனால்தான் இதுவரை ஒரு தேதியும் தப்பாகவில்லை.

மலைமகள்:
இவருக்கு என்மேல் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியாது. இரண்டு வருடம் முன்பு என் கட்டுரையில் ஒரு ஒற்றுப்பிழையைப் பிடித்து நாற்பது பதிவு போட்டார். கட்டுரை என்ன சொன்னது என்று இன்றுவரை கேட்கவில்லை. என் பாட்டிக்குப் பாட்டி நடந்து வந்தவள். எந்த வருடம் என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கு எழுத்தும் தெரியாது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்தார்களாம், அது மட்டும் வீட்டில் வழிவழியாகச் சொல்வார்கள். இப்படிப்பட்டவளை ஒரு நாவலிலாவது ஆளாகப் பார்த்தேனே என்ற சந்தோஷம் உங்களுக்குப் புரியாது.

ஏட்டுப்புழு:
புரிகிறது அம்மா, உங்கள் பாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ‘தேயிலைத் தூர்’ என்று சொல்லியிருக்கிறார்கள், கவனியுங்கள். அப்படியானால் அவர் 1867க்குப் பிறகு வந்தவர்.

மலைமகள்:
அய்யோ!!

ஏட்டுப்புழு:
இன்னொன்று. ஆளாகப் பார்த்தேன் என்கிறீர்கள். அந்த நாவலில் அவள் செய்வதெல்லாம் இரண்டே வேலை: அழுவாள், இல்லாவிட்டால் துரை அவளை வெறித்துப் பார்ப்பான். பல தோட்டங்களில் பெண் உழைத்த கூலியைப் புருஷன்காரன்தான் கைநீட்டி வாங்கினான். அதைப் பற்றி நானூறு பக்கத்தில் ஒரு வரி கிடையாது. துரையைக் கெட்டவனாக்குவது சுலபம். நம் வீட்டு ஆம்பிளையை எழுத வேண்டுமே.

மலைமகள்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருப்பேன். கூடையைப் பிடித்துக்கொண்டு தொங்கினது யார்?

ஏட்டுப்புழு:
கூடையை இப்போதும் விடவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் 1860 என்று போட்டு, கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போகிறாள். அந்தப் பாதை திறந்ததும் 1867இல். அதற்குத் தனித் திரி ஆரம்பிக்கிறேன்.

கதைசொல்லி:
ஆரம்பியுங்கள். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.

சும்மாவந்தவன்:
எல்லாம் இருக்கட்டும், அந்த நாவலின் பெயர் என்ன? யாருமே சொல்லவில்லையே.

ஏட்டுப்புழு:
பெயர் கிடக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள், 1854 என்று போட்டிருக்கும்.