எடுத்துவிட்ட காலில் வலி: அது உண்மையா, மனம் செய்யும் வேலையா?

கேள்வி (வைகைக்கரையாள்):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 63. சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாமல் அழுகத் தொடங்கியதால், ஏழு மாதங்களுக்கு முன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்து, காயமும் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் இல்லாத அந்தக் காலின் பெருவிரல் மடங்கி உள்ளங்காலை நோக்கி இறுகுவதாகவும், எவ்வளவு முயன்றாலும் அதை நிமிர்த்த முடியவில்லை என்றும் இரவில் சொல்லி அழுகிறார். நேற்று விடியற்காலை மூன்று மணிக்கு நான் எழுந்து பார்த்தபோது, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் போர்வையைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் ஒன்றுபோலவே பேசுகிறார்கள். “காலே இல்லை, வலி மட்டும் எங்கிருந்து வரும்? எல்லாம் மனசுதான் அண்ணா, மனசை அடக்கினால் போய்விடும்” என்று சித்தப்பா அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா வலியைப் பற்றி எங்களிடம் வாய் திறப்பதில்லை. உடல் வலி என்பது உண்மையில் உடலில் இருப்பதா, மனம் ஆட்டுவிப்பதா? மனம்தான் என்றால், அவரால் ஏன் அதை நிறுத்திக்கொள்ள முடியவில்லை?

மறுமொழி (இயன்முறையாளர்):

சகோதரி, உங்கள் அப்பாவுக்கு வருவது உண்மையான வலி; இதை முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்து வருகிறேன். கால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் இதே வலியைச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நம்மைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்துடன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்தவர்களுக்கு மருத்துவம் பார்த்த சைலஸ் வியர் மிட்செல் 1871-இல் இதற்கு ‘மாய உறுப்பு’ என்னும் பொருளில் பெயரிட்டார். மாயம் என்பது உறுப்புக்குத்தான், வலிக்கு அல்ல.

காலை எடுக்கும்போது அதன் நரம்புகள் வெட்டுப்படுகின்றன. ஆனால் வெட்டுக்கு மேலே தண்டுவடம் வரை செல்லும் பகுதி உயிரோடுதான் இருக்கிறது. வெட்டுண்ட முனையில் சிலருக்கு முடிச்சுப்போல் திசு வளர்ந்து, யாரும் தொடாமலேயே மேலே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். மூளையிலோ உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடம் உண்டு. பெருவிரலுக்கு உரிய இடம் அறுவை முடிந்த மறுநாள் காணாமல் போய்விடாது. அந்த இடம் தூண்டப்படும்போது அவர் பெருவிரலில்தான் வலியை உணர்வார்.

உங்கள் சித்தப்பாவிடம் இதை மட்டும் கேளுங்கள். அவர் காலில் முள் குத்தினால், நரம்பு கொண்டுபோவது ஒரு செய்தியைத்தான். அது வலியாக உணரப்படுவது மூளையில்தான். எல்லா வலியும் அங்கேதான் உருவாகிறது. மூளையில் உருவாவதாலேயே உங்கள் அப்பாவின் வலி பிரமை என்றால், சித்தப்பாவின் பல்வலியும் பிரமையாகத்தானே இருக்க வேண்டும்?

மறுமொழி (கேள்விக்குறி):

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் சித்தப்பாவின் பேச்சில் மறைந்திருக்கும் பாதி உண்மையையும் நாம் தள்ளிவிடக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றதை 1946-இல் எழுதினார். அவர்களுக்கு உடம்பு மரத்துப்போகவில்லை. ஊசியைச் சரியாகப் போடாவிட்டால் மற்றவர்களைப் போலவே கத்தினார்கள். உயிரோடு தப்பிவிட்டோம், போர் நமக்கு முடிந்தது என்ற நிம்மதிதான் காயத்தின் வலியைத் தணித்திருக்க வேண்டும் என்பது பீச்சரின் எண்ணம்.

இது எப்படி நடக்கக்கூடும் என்பதற்கு ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இரு வலி ஆய்வாளர்கள் 1965-இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: தண்டுவடத்தில் ஒரு கதவுபோன்ற அமைப்பு இருக்கிறது, மேலிருந்து மூளையும் அதைத் திறக்கலாம், சாத்தலாம். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும், மூளை கீழ்நோக்கி வலியை அடக்குகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் நடத்திய ஆய்வில், மருந்தே இல்லாத ஊசியால் வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபின் என்னும் வலிமருந்தை முறிக்கும் நாலாக்சோனைக் கொடுத்ததும் வலி கூடியது. நம்பிக்கைகூட உடலுக்குள் மார்ஃபின் போன்ற ஒரு வேதிப்பொருளைச் சுரக்க வைத்துத்தான் வேலை செய்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் கவனியுங்கள், அன்சியோ வீரர்களில் எவரும் வலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்துக் குறைத்துக்கொள்ளவில்லை. மனநிலை வலியைக் கூட்டும், குறைக்கும். ஆனால் நாம் இட்ட கட்டளைக்கு அது பணிவதில்லை. பயத்தில் நெஞ்சு படபடப்பதும் மனத்தால்தான், அதை ‘நில்’ என்று சொல்லி யாரும் நிறுத்திவிடுவதில்லை.

மறுமொழி (ஒற்றைக்கை):

எனக்கு லாரி விபத்தில் வலது கை போய் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இல்லாத விரல்களின் நகம் உள்ளங்கையில் பதிந்து அழுத்துவது இன்றும் மாதத்தில் ஓரிரு இரவுகள் வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வலியைவிட, அதை யாரும் நம்பாததுதான் என்னை வதைத்தது. அப்பா போர்வையை நீவும்போது தடுக்காதீர்கள், முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து “எந்த விரல் அப்பா?” என்று கேளுங்கள்.

மறுமொழி (இயன்முறையாளர்):

சிகிச்சை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது நரம்பு சார்ந்த வலி என்பதால் வழக்கமான வலிமாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை மருத்துவர் பார்த்துத் தருவார், நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கண்ணாடி முறையைக் கொண்டுவந்தார். இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இழந்த காலின் இடத்தில் தெரியும்படி வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும்.

கால் அல்லது பாதம் இழந்தவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது. கண்ணை மூடி மனத்தால் மட்டும் காலை அசைப்பதாகக் கற்பனை செய்த ஆறு பேரில் நால்வருக்கோ வலி கூடியது. சித்தப்பாவுக்கு இதை அவசியம் காட்டுங்கள். ஆறு பேரை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது, இது பலிக்காதவர்களும் உண்டு. அந்த ஆய்விலேயே இருவர், இழந்த கால் மீண்டும் தெரிந்ததும் சிறிது நேரம் துக்கத்தில் ஆழ்ந்தார்கள். ஆகவே முதல் தடவை அவரைத் தனியே விட வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (வைகைக்கரையாள்):

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை பீரோக் கண்ணாடியைக் கழற்றி, கட்டிலில் அப்பாவின் கால்களுக்கு நடுவே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் வலது பெருவிரலை மடக்கி நீட்டினார். கண்ணாடிக்குள் இடது பெருவிரலும் நீண்டது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண் கலங்கினார். “விட்டிருச்சும்மா” என்றார். இரவு பதினொரு மணிக்கு மறுபடியும் இறுகத் தொடங்கியது, ஆனால் இந்த முறை என்னை எழுப்பிச் சொன்னார். வியாழக்கிழமை நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். சித்தப்பாவையும் உடன் வரச் சொல்லியிருக்கிறேன்.