புதுப்பிப்பு: முடக்கிய கிளவுட் கணக்கு திரும்பக் கிடைத்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: எங்கள் அரிசி மண்டியின் பில்லிங் மென்பொருள் ஓடும் கிளவுட் கணக்கை (இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த கணினி), கார்டில் பணம் பிடிபடவில்லை என்று முடக்கிவிட்டார்கள். நேற்று மாலை திறந்துவிட்டார்கள். தரவு எதுவும் போகவில்லை. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மாதத் தொகை இந்த முறை 15,000 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. தானியங்கிக் கட்டணம் அதற்கு மேல் போனால் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் வங்கி மறுத்துவிட்டது. எச்சரிக்கை அஞ்சல் மூன்று வந்திருக்கிறது. மூன்றும் வேலையை விட்டுப் போன தம்பியின் முகவரிக்கு! தினமும் இரவு 2 மணிக்கு எடுத்த பேக்கப்பும் (தரவின் மாற்றுப் பிரதி) அதே கணக்குக்குள் மாட்டிக்கொண்டது. ஆறு நாள் அப்பா கார்பன் தாள் வைத்து பில் எழுதினார்.

‘பெரிய நிறுவனங்களுக்கு இப்படி நடக்காது’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்தது. கூகுள் கிளவுட் தரப்பில் ஒரு செட்டிங்கை நிரப்பாமல் விட்டதால், ஒரு வருடம் கழித்து அவர்களுடைய பிரைவேட் கிளவுட் (அவர்களுக்கென்றே தனியாக ஒதுக்கிய கிளவுட்) தானாகவே அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

சரி, இப்போது எங்கள் பேக்கப் வேறொரு நிறுவனத்துக்கும், மண்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போகிறது. நேற்றிரவு அந்த டிஸ்க்கிலிருந்து பழைய லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன். பங்குனி மாத பில் முழுவதும் வந்தது. அப்புறம்தான் தூங்கப் போனேன்.