ஐரோப்பா சிம் சுவிஸில் ஓடுமா, ஓடாதா?

ரயில்விரும்பி:
நேற்று ஊர்சுற்றி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பாரிஸ், சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், இத்தாலியின் மிலான் என்று மூன்று ஊர் போகிற ஒரு குடும்பத்துக்கு, "பாரிசில் இறங்கியதும் ஒரு சிம் வாங்கிப் போடுங்கள், சுவிட்சர்லாந்து உட்பட ஐரோப்பா முழுக்கக் கூடுதல் காசில்லாமல் ஓடும்" என்று சொல்லியிருக்கிறார். தப்பு. ஒரு நாட்டு சிம்மை வேறு நாட்டில் பயன்படுத்தும் ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது என்ற சட்டம் 2017 ஜூன் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் போன்ற சில நாடுகளுக்கும்தான். சுவிட்சர்லாந்து அதில் இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாகச் சேர்த்துத் தருகின்றன, பல தருவதில்லை. நாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் வாங்கினால் மலை ஏறுவதற்குள் பணம் கரைந்துவிடும்.

ஊர்சுற்றி:
நான் பதினொரு நாடு சுற்றியவன். புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவன் இல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பாவில் இல்லாமல் ஆப்பிரிக்காவிலா இருக்கிறது? பிரான்சுக்கு வாங்கிய, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவிலேயே அங்கே நுழையலாம். சிம் மட்டும் எப்படி ஓடாமல் போகும்? பாசல் விமான நிலையத்தில் இறங்கி நின்று என் பிரெஞ்சு சிம்மில் அரை மணி நேரம் வீட்டோடு வீடியோ காலில் பேசினேன். ஒரு யூரோ போகவில்லை.

ரயில்விரும்பி:
பாசல் விமான நிலையமா! ஐயா, அந்த விமான நிலையம் இருப்பது பிரெஞ்சு மண்ணில். 1949-இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து நடத்துகிற இடம் அது. நீங்கள் பிரான்சில் நின்றுகொண்டு பிரெஞ்சு சிம்மில் பேசியிருக்கிறீர்கள். அதில் என்ன அதிசயம்?

விசாவை வைத்துச் சிம்மை அளக்காதீர்கள். அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, ஆனால் பிரெஞ்சு சிம் அங்கே கூடுதல் காசில்லாமல் ஓடும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ரோமிங் சட்டத்தில் இல்லை. விசா வேறு, சிம் வேறு.

ஊர்சுற்றி:
நான் சுவிஸ் சுங்க வாசல் வழியாகத்தான் வெளியே வந்தேன். பலகையில் சுவிஸ் கொடி இருந்தது. கொடியை நம்புவதா, உங்களை நம்புவதா?

ரயில்விரும்பி:
சுங்க வாசல் சுவிஸுடையது, நிலம் பிரான்சுடையது. அங்கிருந்து பாசல் ஊருக்கு வேலி போட்ட தனிச்சாலையே உண்டு. உங்கள் போன் கொடியைப் பார்ப்பதில்லை, டவரைப் பார்க்கும்.

பேர்ண்வாசி:
நான் இருபது வருடமாகப் பேர்ணில் இருக்கிறேன். கோடை விடுமுறைக்குப் பாரிசில் இருந்து சொந்தக்காரர் வந்தால் நான் முதலில் கேட்பது "உங்கட சிம்மில் சுவிஸ் இருக்குதோ" என்றுதான். சிலரிடம் இருக்கும், சிலரிடம் இராது. எங்களுக்கும் இதே கதைதான். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனால் எங்கட சுவிஸ் சிம்முக்கு அந்தச் சட்டம் கிடையாது, பிளானில் ஐரோப்பா சேர்ந்திருந்தால் தப்பினோம். ஊர்சுற்றி அண்ணை சொல்வதை நம்பி வந்து இங்கே திண்டாடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஊர்சுற்றி:
சிலரிடம் இருக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் நான் சொன்னதில் என்ன தப்பு? பாசலில் ஓடியது.

கொங்குக்காரன்:
இவ்வளவு பஞ்சாயத்து எதற்கு? இந்திய சிம்மைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, போகிற ஊரில் ஒரு சிம் வாங்கிப் போட்டால் முடிந்தது. ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளலாம்.

ரயில்விரும்பி:
கழற்றி வைத்தால் வங்கி ஓடிபி எந்த எண்ணுக்கு வரும்? ஆன்லைனில் கார்டில் பணம் கட்டும்போது தெரியும் அருமை. இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். கிளம்புவதற்கு முன்பே சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைக்க வேண்டும், அங்கே போய் யோசித்தால் திறக்கச் சொல்லி வருகிற ஓடிபிக்கே வழி இருக்காது. என் எண்ணுக்கு வந்த குறுஞ்செய்திகளுக்குக் காசு பிடிக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் மீட்டர் ஓடும், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது இடத்தில், அட்டை செருகாமல் போனிலேயே பதிகிற இ-சிம் போட்டுக்கொள்ளலாம், பட்டியலில் மூன்று நாடும் இருக்கிறதா என்று பார்த்து.

கொங்குக்காரன்:
எல்லோரிடமும் இ-சிம் போன் இருக்கும் என்று நினைப்பதுதான் பட்டணத்துப் புத்தி. என் அப்பா வைத்திருப்பது சாதாரண போன்.

ரயில்விரும்பி:
அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை ஐபோன் 14 வாங்கி அனுப்பினால் அதில் சிம் செருக இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். அந்த அப்பா பாரிஸ் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சிம்மை எங்கே செருகுவார்? போனைப் பார்க்காமல் "போகிற ஊரில் வாங்கு" என்பது யோசனையே இல்லை.

கொங்குக்காரன்:
உங்களுக்கு எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை வேண்டும். போன தடவை ரயில் பாஸ் பேச்சிலும் இப்படித்தான் செய்தீர்கள். மறக்கவில்லை.

ஊர்சுற்றி:
சரியாகச் சொன்னீர்கள். நானும் மறக்கவில்லை.

ரயில்விரும்பி:
எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் நின்றபோது உங்கள் போன் அக்கரையில் இருக்கிற ஜொகூர் பாருவின் மலேசிய டவரைப் பிடித்துவிட்டது, அநியாயமாக பில் வந்துவிட்டது என்று இதே இடத்தில் இரண்டு பக்கம் எழுதி வருத்தப்பட்டவர் யார்? நீரைத் தாண்டி டவர் எட்டும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் பாடம் நடத்தினீர்கள். பாசலில் மட்டும் பிரெஞ்சு மண்ணில் பிரெஞ்சு டவர் எட்டாதா?

ஊர்சுற்றி:
அது வேறு, இது வேறு. அன்றைக்குப் போனது என் காசு.

ரயில்விரும்பி:
இன்றைக்குப் போகப்போவது அந்தக் குடும்பத்தின் காசு! அதற்காகத்தான் இவ்வளவு நேரம் தட்டிக்கொண்டிருக்கிறேன். பாசலைத் தாண்டி எங்காவது உங்கள் சிம் ஓடியதா? பேர்ணில்? இன்டர்லாக்கனில்? ஒரு ஊர் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
பாசலில் இருந்து அன்றைக்கே ஜெர்மனிப் பக்கம் போய்விட்டேன். அதனால் என்ன? பாசல் சுவிட்சர்லாந்துதான். எந்த வரைபடத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்.

ரயில்விரும்பி:
பாசல் ஊர் சுவிட்சர்லாந்து, பாசல் விமான நிலையம் பிரான்ஸ். இதை எத்தனை தடவை எழுத வேண்டும்?

பேர்ண்வாசி:
தம்பிமாரே, கேட்ட பிள்ளைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முதல்பயணம்:
நான்தான் கேட்டேன். வியாழக்கிழமை கிளம்புகிறோம். அம்மாவிடம் பழைய போன், என்னிடம் இ-சிம் போடுகிற போன். அப்படியானால் பாரிசில் அம்மாவுக்கு வாங்கும் அட்டையில் சுவிஸ் என்று எழுதியிருக்க வேண்டும், சரிதானே?

ரயில்விரும்பி:
ஆமாம் அம்மா, பெயர் போட்டு எழுதியிருக்க வேண்டும். "ஐரோப்பா" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். கடைக்காரர் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள்.

ஊர்சுற்றி:
தேவையில்லாத பயம். எதையாவது வாங்குங்கள். பாசலில் எனக்கு ஓடியது.

ரயில்விரும்பி:
விமான நிலையத்தில்.

ஊர்சுற்றி:
பாசல் விமான நிலையத்தில்.