சிக்கிள் செல் நோயுள்ள விசாரணைக் கைதிக்குச் சிறையில் சிகிச்சை பெறுவது எப்படி?

கேள்வி (கூடலூர் வழக்கறிஞர்):
பணியர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்காக வழக்காடுகிறேன். சிறுவயதிலேயே சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை இரத்த நோய்) கண்டறியப்பட்டு, வலித் தாக்குதலைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையை நாள்தோறும் உட்கொண்டு வந்தவர்; கைதான அன்றே மாத்திரை நின்றுவிட்டது. சென்ற வாரம் மூட்டுவலி தாங்காமல் இரவெல்லாம் கதறியிருக்கிறார். காயமோ வீக்கமோ தென்படாததால் நடிக்கிறார் என்று காவலர்கள் விட்டுவிட, காலையில்தான் ஒரு பாராசிட்டமால் கிடைத்திருக்கிறது. பிணை கிடைக்கும்வரை என்ன செய்யலாம்?

பதில் 1 (அரசு மருத்துவர்):
வெளியே ஒன்றும் தெரியாதிருப்பதே இந்த வலியின் சிக்கல். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைப்பதால் எலும்புக்குள் வலி எழுகிறது. அந்நேரத்தில் எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். பாராசிட்டமால் மட்டும் போதாது; வலுவான வலிநிவாரணிகளான டிரமடால், சில சமயம் மார்ஃபின்கூடத் தேவைப்படும். சிறை மருந்தகம் இவற்றைத் தரத் தயங்கினால் மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும்.

தண்ணீரையும் கவனியுங்கள். இந்நோயாளிகளின் சிறுநீரகத்தால் நீரைப் போதிய அளவு தக்கவைக்க முடியாது. இரவில் பலமுறை சிறுநீர் கழிப்பார்கள். மாலையில் அறையைப் பூட்டியபின் பலருக்கும் சேர்த்து ஒரே குடம் என்றால், விடிவதற்குள் உடல் வறண்டு வலி கிளம்பிவிடும். நீலகிரிக் குளிரில் வெறும் சிமெண்ட் தரையில் படுப்பதும் அப்படித்தான். கம்பளி கேட்பது சலுகை அன்று. காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இந்நோயால் மண்ணீரல் செயலிழந்தவர்களுக்குத் தொற்று சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பதில் 2 (குற்றவியல் வழக்கறிஞர்):
பிணை மனுவை மட்டும் நம்பியிராமல், சிகிச்சைக்கென நடுவர் நீதிமன்றத்தில் தனி மனு போடுங்கள். மாத்திரை தொடரவும், குறித்த நாள்களில் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்கவும், வலி வந்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பவும், அறிக்கை தாக்கல் செய்யவும் உத்தரவு கேளுங்கள். குற்றவாளியாயினும் நிரபராதியாயினும் உயிரைக் காப்பது கடமை என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே கூறிவிட்டது. குற்றச்சாட்டு கடுமையானதாயின், நோயுற்றவருக்குப் பிணை தர இடமளிக்கும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 480-ஆவது பிரிவின் வரம்புரையை (விதிவிலக்குக் கூற்றை) சுட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட அட்டவணையிலும் இந்நோய் இருக்கிறது.

பதில் 3 (பழங்குடியினர் நலப் பணியாளர்):
இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் பதிவானதே 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இங்குள்ள சிறையிலேயே இதை நடிப்பு என்கிறார்கள்! வீட்டாரிடம் பழைய சிகிச்சைச் சீட்டோ, 2023-இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தின் பரிசோதனை அட்டையோ இருக்கும். அதன் நகலை மனுவோடு இணைத்து, இன்னொரு நகலைச் சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.